தமிழ் வலைப்பதிவர் நூல்கள்

தமிழ் வலைப்பதிவர் நூல்கள் என்பன, முதலில் இணையத்தில் வலைப்பதிவு எழுதி வாசகர்களைப் பெற்று, அதன் வழியாக அச்சு நூலாசிரியர்களான தமிழ் எழுத்தாளர்களின் நூல்களைக் குறிக்கும். இவற்றுட் சில, பதிவுகளாக வெளிவந்தவற்றை அப்படியே தொகுத்தவை. பிற, வலைப்பதிவில் எழுதிப் பழகிய கையால் நூலுக்கென்றே புதிதாக எழுதப்பட்டவை. கனடா, சுவிட்சர்லாந்து, நியூசிலாந்து முதலிய நாடுகளில் வாழும் தமிழர்களும் தமிழகத் தமிழர்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இவ்வழியில் நூலாசிரியராயினர். ஆயினும் இந்நூல்களிற் பெரும்பாலானவை அச்சேறிய இடம் சென்னையே. அந்நகரின் வட பகுதியான காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தின் குரல் இவ்வழியில் நூலுக்கு வரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. அதன் காரணம் கீழே தனியாகக் கூறப்பட்டுள்ளது.

தோற்றம்

ஆங்கிலத்தில் வலைப்பதிவுகள் 1990களின் இறுதியில் பரவின. 1999இல் தொடங்கப்பட்ட பிளாகர் சேவை, நிரலாக்கம் அறியாதவரும் பக்கம் தொடங்க வழி செய்தது. 2003இல் கூகுள் நிறுவனம் அதை வாங்கியது. தமிழில் முதல் வலைப்பதிவுகள் அந்த ஆண்டிலேயே தோன்றின. அதற்கு முன்னர் மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற மின்னஞ்சல் குழுக்களிலும், ரொறன்ரோவிலிருந்து வ. ந. கிரிதரன் 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் பதிவுகள் போன்ற இணைய இதழ்களிலும் பலர் எழுதிப் பழகியிருந்தனர்.

கனடாவில் வாழ்ந்த மதி கந்தசாமி தமிழ் வலைப்பதிவுகளின் பட்டியலொன்றை 2003இல் தொகுக்கத் தொடங்கினார். அப்பொழுது பதிவுகளின் தொகை கைவிரல்களால் எண்ணக்கூடியதாகவே இருந்தது. 2004 ஆகத்தில் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம் திரட்டி இதனைத் தானியங்கு முறைக்கு மாற்றியது. யார் புதிதாக எழுதினாலும் சில நிமிடங்களில் அவர் பதிவின் தலைப்பு பொதுப் பக்கமொன்றில் தோன்றும். இதழாசிரியர் ஒருவரின் ஒப்புதல் இன்றி எழுத்து வாசகரை அடைந்தது என்பதே இம்மாற்றத்தின் சாரம். திருப்பியனுப்பப்படும் படைப்புக்குத் தபால்தலை ஒட்டிய உறையை இணைத்து அனுப்பி மாதக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு இது எத்தகைய விடுதலை என்பதைப் பின்னால் வந்தோர் உணர்வது கடினம்.

எழுத்துருச் சிக்கல்

வலைப்பதிவு நூலாவதற்கு இடையில் நின்ற முதல் தடை இலக்கியம் சார்ந்தது அன்று, எழுத்துருச் சார்ந்தது. தொடக்கத்தில் இணையத் தமிழ் திஸ்கி குறியேற்றத்திலும், பின்னர் ஒருங்குறியிலும் எழுதப்பட்டது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், தமிழா குழுவினரின் இ-கலப்பை ஆகிய மென்பொருள்களும், செருமனியில் வாழும் சுரதா யாழ்வாணன் அமைத்த எழுத்துரு மாற்றிகளும் இக்காலத்துக்குரிய அடிப்படைக் கருவிகள்.

அச்சகங்களின் நிலை வேறு. சென்னையில் பக்கம் அமைப்போர் பயன்படுத்திய பேஜ்மேக்கர் மென்பொருள் ஒருங்குறித் தமிழை ஏற்காது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றமும் வைத்திருந்தது. ஆகவே பதிவுகளை மாற்றிக்கொண்டு ஏற்ற வேண்டும். மாற்றும்போது சில எழுத்துகள் உருமாறும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் பெயரும், மேற்கோள் குறிகள் மறையும். இக்காரணத்தால் இணையத்தில் ஏற்கெனவே தட்டெழுதப்பட்டிருந்த நூலை அச்சகத்தில் முதலிலிருந்து மறுபடியும் தட்டெழுதுவதும் நடந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும், அது செயற்படாத இடங்களுக்கென டேஸ்-16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழைச் செம்மையாகக் காட்டத் தொடங்கிய பின்னரே இச்சிக்கல் தளர்ந்தது.

கனடாத் தமிழ்ப் பதிவர்கள்

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் பெருந்தொகையான ஈழத்தமிழர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தனர். ரொறன்ரோ பெருநகர்ப் பகுதி அவர்களின் முதன்மை வாழிடமாயிற்று. அங்கு தமிழ் வாசகர் இருந்தனர், வார இதழ்கள் இருந்தன. ஆனால் இலக்கிய நூல் ஒன்றைப் பதிப்பித்து விற்கும் அமைப்பு வலுவாக இல்லை. எழுத்து கனடாவிலும், அச்சு சென்னையிலும், வாசகர் உலகெங்கும் எனப் பிரிந்திருந்த நிலையில் வலைப்பதிவு இம்மூன்றையும் இணைத்தது.

இத்தலைமுறையினருள் டிசே தமிழன் என்ற புனைபெயரில் எழுதிய இளங்கோ குறிப்பிடத்தக்கவர். போரினால் இடம்பெயர்ந்து கனடா சென்ற இவர் கவிதை, சிறுகதை, நூல் மதிப்புரை, பயணக் குறிப்பு என வேறுபாடின்றித் தம் வலைப்பதிவில் எழுதினார். நாடற்றவனின் குறிப்புகள் என்னும் கவிதைத் தொகுப்பு 2007இல் வெளிவந்தது. சாம்பல் வானத்தில் மறையும் வைரவர் என்னும் சிறுகதைத் தொகுப்பும், பேயாய் உழலும் சிறுமனமே என்னும் கட்டுரைத் தொகுப்பும், மெக்ஸிக்கோ என்னும் புதினமும் பின் வந்தவை. நூலாசிரியரான பின்னரும் வலைப்பதிவைக் கைவிடாத சிலருள் இவரும் ஒருவர். பலருக்கு வலைப்பதிவு, ஏறியபின் எட்டி உதைக்கும் ஏணியாகவே அமைந்தது.

திருகோணமலையைச் சேர்ந்த தமிழ்நதி கனடாவில் வாழ்ந்தவர். பின்னர் சென்னையிலும் தங்கி எழுதினார். இளவேனில் என்னும் வலைப்பதிவில் இவர் எழுதிய கவிதைகளும் உரைநடையும் வாசகரிடையே விரைந்து பரவின. சூரியன் தனித்தலையும் பகல் என்னும் கவிதைத் தொகுப்பும் நந்தகுமாரனுக்கு எழுதியது என்னும் சிறுகதைத் தொகுப்பும் இவருடைய தொடக்க நூல்கள். 2009இல் முடிவுற்ற இறுதிப் போரின் காலத்தில் இவரது பதிவு செய்தியும் இரங்கலும் சினமும் கலந்த ஒன்றாக மாறியது. அன்றாடம் எழுதப்பட்ட அவ்வகை எழுத்தை நூலாக்கும்போது காலக் குறிப்பு, சூழல், எதிர்வினை ஆகியவை உதிர்ந்துவிடும். அதனால் அக்காலப் பதிவுகளை மூலத்தில் வாசித்தோருக்கும் நூலில் வாசிப்போருக்கும் கிடைக்கும் அனுபவம் ஒன்றன்று. 2016இல் வெளிவந்த பார்த்தீனியம் என்னும் இவரது புதினம் 1980களின் ஈழத்தையும், இந்திய அமைதிப்படை அங்கிருந்த காலத்தையும் களமாகக் கொண்டது. இது பதிவுகளின் தொகுப்பு அன்று. பதிவெழுத்தில் தொடங்கியவர் நீண்ட புனைவுக்கு நகர்ந்ததன் எடுத்துக்காட்டு.

கனடாவுக்கு வெளியே, சுவிட்சர்லாந்தில் வாழும் சயந்தன் இதே பாதையில் வந்தவர். சாரல் என்னும் வலைப்பதிவில் எழுதிய இவருடைய ஆறாவடு (2012), ஆதிரை (2015) ஆகிய புதினங்களைச் சென்னையின் தமிழினி பதிப்பகம் வெளியிட்டது. த. அகிலனின் மரணத்தின் வாசனை 2009இல் நூலானது. போரிலும் இடப்பெயர்விலும் இறந்த எளிய மனிதர்களைப் பற்றிய இத்தொகுப்பு முன்னர் இணையத்தில் தொடராக வந்ததாகும். இதனை வெளியிட்ட வடலி, பதிவர்கள் தாமே முன்னின்று தொடங்கிய பதிப்பகம். எழுதுவோர் பதிப்பகத்தைத் தேடிச் செல்வதை விடுத்துத் தாமே பதிப்பகம் ஆவது இவ்வியக்கத்தில் திரும்பத் திரும்ப நிகழ்ந்துள்ளது.

ஒப்பீட்டுக்கு, ஆங்கிலத்தில் எழுதிய கனடியப் பதிவர்களின் வழி வேறு வகையானது. இந்திய வம்சாவளியினரான நீல் பஸ்ரிச்சா 2008இல் தொடங்கிய, ஆயிரம் இனிய சிறு விடயங்களை நாளுக்கு ஒன்றாகப் பட்டியலிடும் வலைப்பதிவு 2010இல் நூலாகிப் பெரும் விற்பனை கண்டது. டெரி ஃபாலிஸ் தம் முதற் புதினத்தைப் பதிப்பிக்க எவரும் முன்வராத நிலையில் ஒலிப்பதிவு அத்தியாயங்களாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். தாமே அச்சிட்ட அந்நூல் 2008இல் நகைச்சுவை எழுத்துக்கான ஸ்டீபன் லீகாக் பதக்கத்தை வென்றது. அதன் பின்னர் பெரிய பதிப்பகம் அதை ஏற்றது. ஆங்கிலப் பதிவருக்கு நூல் ஒரு தொழிலாக மாற இயலும். தமிழ்ப் பதிவருக்கு அது பெரும்பாலும் தொழிலாகவில்லை. ஓராயிரம் படிகள் அச்சிட்டு, நூலக ஆணை கிடைத்தால் சமாளித்து, கிடைக்காவிடில் கிடங்கில் வைத்திருப்பதே தமிழ்ப் பதிப்புலகின் பொதுநிலை.

தமிழகத்தில்

2004இல் தொடங்கப்பட்ட கிழக்கு பதிப்பகத்தின் நிறுவனர்களுள் ஒருவரான பத்ரி சேஷாத்ரி தாமும் வலைப்பதிவர். பதிவுகளிலிருந்து எழுத்தாளர்களைக் கண்டெடுப்பது அப்பதிப்பகத்துக்கு இயல்பாக இருந்ததில் வியப்பில்லை. லக்கிலுக் என்னும் பெயரில் அறியப்பட்ட யுவகிருஷ்ணா, திரைப்பட வணிகம் பற்றி எழுதிய கேபிள் சங்கர் ஆகியோர் அங்கு நூலாசிரியராயினர்.

இவ்வரிசையில் தனித்து நிற்பது லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு. திருநங்கையான இவர் தம் வாழ்வைப் பற்றி வலைப்பதிவில் வெளிப்படையாக எழுதியவர். நான், வித்யா என்னும் இவருடைய நூலைக் கிழக்கு பதிப்பகம் வெளியிட்டது. அதுவரை தமிழில் திருநங்கையரைப் பற்றிப் பிறர் எழுதியதே மிகுதி. தம்மைப் பற்றித் தாமே எழுதியது அரிது. பதிவின் பின்னூட்டங்களில் வசையும் கேலியும் வந்த அதே இடத்தில், முகமறியாத பலர் தம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தனர் என்பதும் அக்காலப் பதிவர்கள் அறிந்ததே. நூல் ஆங்கிலம், கன்னடம் முதலிய மொழிகளில் பெயர்க்கப்பட்டது. கன்னட மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு பி. எஸ். லிங்கதேவரு இயக்கிய நானு அவனல்ல அவளு என்னும் திரைப்படம் 2015இல் வெளிவந்தது. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. ஒரு தமிழ் வலைப்பதிவிலிருந்து தொடங்கிய எழுத்து சென்றடைந்த நெடுந்தொலைவு இதுவாகலாம்.

விடுபட்டவை என்னும் பதிவை எழுதிய யெஸ். பாலபாரதி, அவன்-அது=அவள் என்னும் புதினத்தில் இதே பொருளைப் புனைவாகக் கையாண்டார். பின்னர்ச் சிறார் இலக்கியத்துக்கு நகர்ந்தார். குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைக் குழந்தைகளுக்கே புரியும்படி பேசும் மரப்பாச்சி சொன்ன ரகசியம் என்னும் நூலுக்காக 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்றார்.

2009இல் வலைப்பதிவர் பொன். வாசுதேவனின் அகநாழிகை பதிப்பகம், பதிவர்கள் பலரின் முதல் நூல்களைக் கொண்டுவந்தது. நர்சிமின் அய்யனார் கம்மா, விநாயக முருகனின் கோவில் மிருகம் ஆகியன அவற்றுட் சில. விநாயக முருகன் பின்னர் ராஜீவ்காந்தி சாலை முதலிய புதினங்களை எழுதினார். மற்றொரு பதிவரான குகனின் நாகரத்னா பதிப்பகம் 2010இல் கேபிள் சங்கர், பரிசல்காரன் ஆகியோரின் சிறுகதைத் தொகுப்புகளை வெளியிட்டது. இவ்வெளியீட்டு விழாக்களுக்கு வந்தோரும் பதிவர்கள், நூலை வாங்கியோரும் பதிவர்கள், மதிப்புரை எழுதியோரும் பதிவர்கள். நட்பு வட்டத்துக்கு வெளியே செல்லாத நூல்கள் என்ற குறை அன்றே கூறப்பட்டது. அக்குறை முற்றிலும் தவறன்று. எனினும் சிறுபத்திரிகை வட்டங்களுக்கும் அது பொருந்தும்.

நியூசிலாந்தில் வாழும் துளசி கோபால், துளசிதளம் என்னும் பதிவில் எழுதிய நியூசிலாந்து, ஃபிஜி அனுபவங்களும் சென்னையிலேயே நூல்களாயின. இலக்கியத் தகுதி பற்றிய வாதங்களில் இவ்வகை நூல்கள் பேசப்படுவதில்லை. ஆயினும் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் வழித்தோன்றல்களைப் பற்றி எளிய தமிழில் வாசிக்க விரும்பும் மாணவருக்கு அவை பயன்படுகின்றன.

வடசென்னை

தமிழ் வலைப்பதிவின் முதல் தலைமுறையினரில் பெரும்பாலோர் கணினித் துறையில் பணியாற்றியோர் அல்லது புலம்பெயர்ந்தோர். வீட்டிலோ அலுவலகத்திலோ கணினியும் தொடர் இணைப்பும் உடையோரே நாள்தோறும் எழுதவும் பின்னூட்டங்களுக்கு விடை கூறவும் முடிந்தது. மணிக்கணக்கில் காசு கொடுத்து உலாவு நிலையத்தில் அமர வேண்டியவருக்கு அது எளிதன்று. நள்ளிரவு கடந்து விசைப்படகு கரை திரும்பி, விடியுமுன் ஏலம் தொடங்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் நாளொழுங்குக்கும் அவ்வெழுத்து முறைக்கும் ஒத்துவரவில்லை. விளைவாக, சென்னை வலைப்பதிவுகளில் வடசென்னை நெடுங்காலம் எழுதப்படும் இடமாக இருந்ததேயன்றி எழுதும் இடமாக இல்லை. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காசிமேட்டையும் அதன் சுற்றுக் குப்பங்களையும் தாக்கியபோதும் இணையத்தில் தமிழில் எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து பார்த்தவர்களும் உதவிக்குச் சென்றவர்களுமே.

மொழியிலும் இது தெரிந்தது. சென்னைத் தமிழ் எனப்படும் வழக்கு, அதன் நாஷ்டா, பேஜார், கலீஜ் முதலிய உருது, தெலுங்குக் கலப்புச் சொற்களுடன், முற்காலப் பதிவுகளில் நகைச்சுவைக்கென்றே பயன்படுத்தப்பட்டது. திரைப்படங்களிலிருந்து வந்த பழக்கம் இது. அதைப் பேசி வளர்ந்தவர் எழுதும்போது அது நகைச்சுவையாக இராது, பேச்சாகவே இருக்கும்.

நிலை மாறியதற்குக் கைப்பேசி முதன்மைக் காரணம். செல்லினம் போன்ற உள்ளீட்டுச் செயலிகளும், விலை குறைந்த திறன்பேசிகளும், 2010களில் வலைப்பதிவின் இடத்தைப் பிடித்த முகநூலும் கணினி இல்லாதவரை எழுத்தாளராக்கின. முகநூலில் எழுதி அறியப்பட்ட ஷாலின் மரிய லாரன்ஸின் வடசென்னைக்காரி என்னும் கட்டுரைத் தொகுப்பை உயிர்மை பதிப்பகம் வெளியிட்டது. பெண், சாதி, வட்டாரம் ஆகிய மூன்றின் பேரிலும் தாம் எதிர்கொள்ளும் இழிவுகளைப் பேசும் ஒருவர், வசையாகப் பயன்படும் ஊர்ப்பெயரையே தலைப்பாக்கியமை கவனிக்கத்தக்கது. நிவேதிதா லூயிசும் பதிவெழுத்து வழியாக வரலாற்று எழுத்துக்கு வந்தவர். முதல் பெண்கள், வடசென்னை: வரலாறும் வாழ்வியலும் முதலிய நூல்களின் ஆசிரியரான இவர், ஹெர் ஸ்டோரீஸ் பதிப்பகத்தின் நிறுவனர்களுள் ஒருவர்.

சிந்தாதிரிப்பேட்டையைச் சேர்ந்த தமிழ்ப்பிரபா நிலவியல்படி வடசென்னைக்குச் சற்றுத் தெற்கே உள்ளவர் எனினும் இங்குக் கூறத்தக்கவர். காலச்சுவடு வெளியிட்ட பேட்டை (2018) என்னும் இவருடைய புதினம் கூவம் கரைக் குடியிருப்பு மக்களின் வாழ்வையும் பேச்சையும் உள்ளிருந்து எழுதியது. வடசென்னைக் குத்துச்சண்டை மரபைக் காட்டிய சார்பட்டா பரம்பரை (2021) திரைப்படத்தின் எழுத்தில் இவர் பா. ரஞ்சித்துடன் இணைந்து பணியாற்றினார்.

இணையத்தின் துணையின்றி வடசென்னையை எழுதிய புதின ஆசிரியர்களும் உளர். கறுப்பர் நகரம் எழுதிய கரன் கார்க்கி அவர்களுள் ஒருவர். எனவே வலைப்பதிவு வந்ததால்தான் இவ்வட்டாரம் நூலேறியது என்று கூறுவது பிழை.

பதிவும் நூலும்

வலைப்பதிவை நூலாக்கும்போது நேரும் மாற்றங்கள் பல. இணைப்புகள் அறுபடுகின்றன. பின்னூட்டங்கள் விடப்படுகின்றன. ஒரு கட்டுரை, அதற்கு வந்த நாற்பது மறுப்புகளுடன் சேர்ந்தே பொருள் தந்திருக்கும். நூலில் அது தனித்து நின்று, எவருடன் வாதிடுகிறது என்று தெரியாமல் போகும். ஒரே செய்தி வெவ்வேறு நாட்பதிவுகளில் திரும்ப வருவது இணையத்தில் உறுத்தாது, நூலில் உறுத்தும். பதிப்பாசிரியர் என்ற பணியாளர் அரிதாகவே உள்ள தமிழ்ப் பதிப்புலகில் இவ்வேலையை ஆசிரியரே செய்துகொள்ள நேர்ந்தது. செய்யாது விட்ட நூல்களை முதல் சில பக்கங்களிலேயே இனங்காணலாம்.

புனைபெயரும் ஒரு சிக்கல். இணையத்தில் மறைந்திருந்து எழுதியவர், நூலின் உரிமைப் பக்கத்திலும் வெளியீட்டு மேடையிலும் தம்மை வெளிப்படுத்த வேண்டியிருந்தது. குடும்பம், பணியிடம், அரசியல் ஆகியவற்றுக்கு அஞ்சி நூலே வேண்டாம் என விட்டவர்களும் இருந்தனர். குறிப்பாகப் பெண் பதிவர்களுக்கும் ஈழப்போர் பற்றி எழுதியோருக்கும் இது வெறும் கூச்சம் சார்ந்தது அன்று.

அழிவும் காப்பும்

யாகூ நிறுவனத்தின் ஜியோசிட்டீஸ் சேவை 2009இல் மூடப்பட்டபோது அங்கிருந்த தமிழ்ப் பக்கங்கள் மறைந்தன. அந்நிறுவனத்தின் குழுமச் சேவையில் இருந்த மடல்கள் 2019 திசம்பரில் நீக்கப்பட்டன. மரத்தடி முதலிய குழுக்களின் தொடக்க கால உரையாடல்கள் அங்கிருந்தவை. பதிவர்களுக்குப் போட்டிகள் நடத்திய தேன்கூடு திரட்டி சில ஆண்டுகளே இயங்கியது. தமிழ்மணமும் பிற்காலத்தில் செயலிழந்தது. தனி ஆட்களப் பெயர் வாங்கி எழுதியோரில், ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறியோரின் பதிவுகள் வேறெவர் கைக்கோ சென்றன. இணையத்தில் இருப்பது என்றும் இருக்கும் என்ற நம்பிக்கை பொய்த்த நிலையில், ஆயிரம் படிகள் மட்டுமே அச்சிடப்பட்ட நூல் தாக்குப்பிடித்தது. சென்னை கன்னிமாரா நூலகம் போன்ற வைப்பு நூலகங்களில் அவற்றைத் தேடலாம்.

எதிர்த்திசையிலும் முயற்சிகள் உள்ளன. ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டது. 2013இல் த. சீனிவாசனும் தன்னார்வலர்களும் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் திட்டம், பதிவர்களிடம் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் இசைவு பெற்று, அவர்களின் பதிவுகளை மின்னூல்களாக்கி இலவசமாக வழங்குகிறது. அச்சுச் செலவு இல்லை, ஆயிரம் படிகள் விற்குமா என்ற கணக்கும் இல்லை. பதிவர் இசைவு தந்தபின் தன்னார்வலர் ஒருவர் பதிவுகளைத் திரட்டி, அட்டைப்படம் சேர்த்து, திறன்பேசியிலும் மின்னூல் படிப்பானிலும் வாசிக்கத்தக்க கோப்புகளாக மாற்றி வலையேற்றுகிறார்.